குளிர் மலையில் குரல் சாதகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் 22 வருடமாகக் கர்நாடக சங்கீத வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். வெலிங்டன், அருவங்காடு, கோத்தகிரிச் சாலையில் இருக்கிற எஸ்டேட்டுகள் என்று பல பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களைக் கூட்டிவரும் அம்மா, அப்பா, பாட்டிமார் வாசலில் நின்று கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ராகத்தைப் பற்றியோ தாளத்தைப் பற்றியோ இருப்பதில்லை. மூச்சு, தொண்டை, குளிர், சாப்பாடு என்று எல்லாம் உடம்பைப் பற்றித்தான். நம் வகுப்புகளில் இதைத்தான் குறைவாகப் பேசுகிறோம். அவசரமாக வாசலில் சொன்ன பதில்களைக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

குளிர் ஊரில் குரல் வளராது, கீழே சமவெளியில் இருந்தால்தான் பாட்டு வரும் என்கிறார்களே?

அப்படி இல்லை. குளிரைவிடக் குரலுக்கு அதிகத் தொந்தரவு தருவது வறட்சி. குளிர்ந்த காற்றில் ஈரம் கொஞ்சம்தான் தங்கும். அந்தக் காற்று நம் உடம்புக்குள் போகும்போது 37 டிகிரி சூட்டுக்கு வர வேண்டும், ஈரமும் ஏற வேண்டும். அந்த ஈரத்தை மூக்கும் தொண்டையும்தான் கொடுக்கின்றன. தொண்டையில் சத்தத்தை உண்டாக்கும் குரல் நாண்களின் மேல் மெல்லிய ஈரப்படலம் ஒன்று எப்போதும் இருக்கும். அது காய்ந்துபோனால் அதே சுரத்தைப் பாட அதிக அழுத்தம் தேவைப்படுகிறது. அழுத்த அழுத்த நாண்கள் தடிக்கின்றன, குரலில் பிசிறு தட்டுகிறது.

அதனால்தான் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஜூலையில் மிஸ்ட் இறங்கி ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத நாளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அன்று காற்றில் ஈரம் இருக்கிறது. ஜனவரியில் வானம் நீலமாக, வெயில் பளிச்சென்று இருக்கிற நாளில்தான் கவனம் வேண்டும். முந்தின இரவு தலைகுந்தா பக்கமெல்லாம் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும், பகலில் உதடு வெடிக்கும். உதடு வெடிக்கிற நாளில் உள்ளே தொண்டையும் காய்ந்துதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்கு இந்தக் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்பும். வாயால் இழுத்தால் அந்த வேலை அவ்வளவு நன்றாக நடப்பதில்லை. பாடும்போது இரண்டு வரிக்கு நடுவில் அவசரமாக மூச்சு எடுக்க வாயும் திறக்கத்தான் செய்யும், அது தவறில்லை. ஆனால் வகுப்புக்கு நடந்து வரும் வழியில் வாயை மூடிக்கொண்டு, மூக்கின் மேல் மப்ளரைப் போட்டுக்கொண்டு வாருங்கள். மேட்டில் பேசிக்கொண்டே ஏறி வந்து உடனே 'ஸா' பிடிக்கிற பிள்ளைக்கு முதல் கால் மணி நேரம் குரலே சேராது. இதை நான் தினமும் பார்க்கிறேன்.

குளிர் செய்யும் இன்னொரு காரியம், உடம்பைக் குறுக்கிவிடுகிறது. தோள் காதை நோக்கி ஏறும், தாடை இறுகும், நெஞ்சு உள்ளே போகும். இந்த மூன்றுமே பாட்டுக்கு எதிரி. ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டாம், தோளை இறக்குங்கள்.

அறையைச் சூடாக்க மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்கிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அங்கே சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்யாதீர்கள், தூங்கவும் செய்யாதீர்கள். புகை தொண்டையை அரிக்கும் என்பது ஒரு பக்கம். கரி எரிவதில் வரும் மணமில்லாத நச்சுக் காற்று உயிருக்கே ஆபத்து. மின்சார ஹீட்டர் என்றால் அது காற்றைக் காய வைக்கும், பக்கத்தில் ஒரு ஈரத்துண்டைத் தொங்கவிடுங்கள்.

"வயிற்றிலிருந்து பாடு" என்கிறீர்கள். சத்தம் தொண்டையில்தானே வருகிறது?

ஆமாம், சத்தம் பிறப்பது குரல்வளையில். அங்கே இருக்கிற இரண்டு நாண்களும் பெரியவர்களுக்கே இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டாது, பெண்களுக்கு இன்னும் சிறியவை. கீழிருந்து வரும் காற்று அவற்றைத் திறந்து மூடி அதிர வைக்கிறது. கட்டை என்பது பாடுபவர் தன் 'ஸா'வை வைத்துக்கொள்ளும் சுருதியின் உயரம்; ஒரு 'ஸா'விலிருந்து அடுத்த 'ஸா' வரை ஒரு ஸ்தாயி. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம், அதாவது நடு 'ஸா', என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 196 தடவை. மேல் ஷட்ஜத்தில் அது 392. ஒரு மணி நேர சாதகத்தில் எத்தனை லட்சம் தடவை அந்தச் சின்னத் தசைகள் மோதிக்கொள்கின்றன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவற்றை எவ்வளவு மென்மையாக நடத்த வேண்டும் என்று புரியும்.

வயிறு எங்கே வருகிறது என்றால், காற்றை அளந்து விடும் வேலை அங்கே நடக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது நுரையீரலுக்கு அடியில் இருக்கும் உதரவிதானம் கீழே இறங்குகிறது, அதனால் வயிறு முன்னால் வருகிறது, பக்க விலா விரிகிறது. பாடும்போது அந்த விலாவை உடனே சரியவிடாமல், வயிற்றுத் தசையால் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்ப வேண்டும். வயிற்றை எக்கிப் பிடிப்பதோ உந்தித் தள்ளுவதோ கூடாது. 'தம் பிடிப்பது' என்று சொல்வதைப் பல பிள்ளைகள் மூச்சை அடைப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அடைத்தால் தொண்டைதான் இறுகும்.

நம் முன்னோர் இதைத் தெரிந்துதான் வைத்திருந்தார்கள். தொல்காப்பியத்தின் பிறப்பியல் 'உந்தி முதலா முந்துவளி தோன்றி' என்று ஆரம்பிக்கிறது. கொப்பூழிலிருந்து கிளம்பும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என்ற எட்டு இடங்களில் ஒலியாக உருவாகிறது என்கிறது. தியாகராஜர் ஜகன்மோகினி ராகக் கீர்த்தனையில் நாபி, இதயம், கண்டம், நாக்கு, நாசி என்று சப்த சுரங்கள் ஒளிவிடும் இடங்களை வரிசையாகச் சொல்கிறார். இரண்டிலும் முதல் இடம் நாபிக்குத்தான்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி. மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு புத்தகத்தை வையுங்கள். மூச்சு இழுக்கும்போது புத்தகம் ஏற வேண்டும், தோள் அசையக் கூடாது. பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே அளவாகக் காற்றை விடுங்கள். முதல் நாள் 10 நொடி வரும். அவசரப்படாமல் செய்தால் சில வாரங்களில் 25, 30 நொடி வரை போகலாம். புத்தகம் சட்டென்று விழுந்தால் காற்றைக் கொட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். இது கைவந்த பிறகு உட்கார்ந்து அதே அளவில் 'ஸா'வை நீட்டி நிறுத்தி, கார்வை பிடியுங்கள்.

மலை மேல் காற்று குறைவு. அதனால் மூச்சு பத்தாமல் போகுமா?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். கடற்கரையோடு ஒப்பிட்டால் குன்னூரில் காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஊட்டியில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைவு. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது உறைக்காது. சென்னையிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளை முதல் இரண்டு மூன்று நாள் ஒரு நீண்ட சங்கதியை ஒரே மூச்சில் முடிக்கத் திணறும். அது இயல்புதான், மூச்சு எடுக்கும் இடத்தைக் கூட்டிக்கொண்டால் போதும். உயரத்தால் குரலின் சுருதி மாறுவதில்லை.

வாத்தியங்கள் கதை வேறு. புல்லாங்குழல் குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கும், ஊதிச் சூடாக்கின பிறகுதான் நிலைக்கு வரும். ஈரக் காற்றில் மிருதங்கத்தின் வார் தளரும். அறை சூடாக ஆகத் தம்புராத் தந்தி இறங்கிவிடும், அரை மணிக்கு ஒரு தடவை சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால் மழைக்காலத்தில் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வைத்துச் சாதகம் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து பாடினால்தான் குரல் திறக்குமாமே?

இந்தக் கேள்விக்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனக்குப் பதினாறு வயது. ஒரு பாட்டுப் போட்டிக்காக, அப்போது சொல்லிக்கொடுத்தவர் தினமும் விடிவதற்கு முன் எழுந்து தார ஸ்தாயியில், அதாவது மேல் ஸ்தாயியில், முழுக் குரலில் ஒரு மணி நேரம் பாடச் சொன்னார். டிசம்பர் மாதம். திறந்த வராந்தா. வாயைத் திறந்தால் புகை போல மூச்சு வரும். பத்து நாளில் காலையில் குரல் கரகரத்தது. "கட்டை உடைகிறது, விடாதே" என்றார். நானும் விடவில்லை. போட்டி அன்று மேல் ஷட்ஜத்துக்கு வெறும் காற்றுதான் வந்தது. அப்புறம் நாலு மாதம் பாடவே இல்லை. பேச்சுக்கே குரல் கம்மிப் போயிருந்தது. திரும்பக் கீழே இருக்கும் மந்தர ஸ்தாயியிலிருந்து ஒவ்வொரு சுரமாகத்தான் மீண்டு வந்தேன். என்னிடம் வருகிற எந்தப் பிள்ளைக்கும் அது நடக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

விடியற்காலைச் சாதகத்தில் உண்மை இருக்கிறது. ஊர் அடங்கியிருக்கும், காது கூர்மையாக இருக்கும், தம்புராவின் உள்ளொலி கேட்கும். தூங்கி எழுந்த குரல் இயல்பாகவே கீழே இறங்கியிருக்கும், அதனால் பெரியவர்கள் அந்த நேரத்தில் மந்தர ஸ்தாயி சாதகம் செய்யச் சொன்னார்கள். கீழ் சுரங்களை மெதுவாகப் பாட அது நல்ல நேரம், மேல் சுரத்தில் கத்துவதற்கு உகந்த நேரம் கிடையாது. நீலகிரியில் குளிர் மாதங்களில் ஆறரை, ஏழு மணிக்கு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து, வீட்டுக்குள் ஆரம்பித்தால் போதும். எழுந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.

சரி, சாதகத்தை எப்படி ஆரம்பிப்பது?

உடம்பு, மூச்சு, குரல், அப்புறம்தான் பாட்டு.

முதலில் கழுத்தை இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்த்து, தோளைச் சுழற்றுங்கள். ஒரு கொட்டாவி விடுங்கள். கொட்டாவி விடும்போது தொண்டைக்குள் ஓர் இடம் விரிகிறதே, பாடும்போது அந்த இடம் வேண்டும். அடுத்து உதட்டை மூடிக் காற்றால் அதிர வைத்து 'ப்ர்ர்ர்' என்று, குழந்தைகள் பஸ் ஓட்டுவது போல, ஸ-ப-ஸ் வரை ஏறி இறங்குங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஸ்ட்ரா ஒன்றை வாயில் வைத்து அதன் வழியே முனகுவதும் இதே பலனைத் தரும். வாய்ப்பக்கம் வழி குறுகும்போது மேலிருந்து ஓர் அழுத்தம் திரும்பி வந்து நாண்களைத் தாங்குகிறது, அவை மோதாமல் அதிர்கின்றன. குரல் மருத்துவத்திலும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

பிறகு வாயை மூடி 'ம்' என்று ஷட்ஜம். மூக்கின் மேலும் உதட்டிலும் குறுகுறுப்பு தெரிய வேண்டும். அதிலிருந்து மந்தர பஞ்சமம், அதாவது கீழ் 'ப', வரை ஒவ்வொரு சுரமாக இறங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு மூச்சு நில்லுங்கள். அதன் பிறகு ஆரம்பப் பாடமான சரளி வரிசை, மாயாமாளவகௌளை ராகத்தில், மெதுவான முதல் காலத்தில், சுரம் சொல்லி ஒரு தடவை, அகாரத்தில் ('ஆ' என்று மட்டும்) ஒரு தடவை.

அகாரத்தில்தான் எல்லாக் குறையும் வெளியே வரும். ஸ, ரி, க என்று சொல்லும்போது மெய்யெழுத்து நம்மைத் தாங்கிப் பிடிக்கிறது. 'ஆ'வில் பிடிமானம் இல்லை, காதும் மூச்சும்தான் துணை. அகாரம் நிலைத்த பிறகு இகாரம், உகாரம். 'ஈ'யில் தாடை இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 'ஊ'வில் உதடு மட்டும் குவிய வேண்டும், உள்ளே இடம் குறையக் கூடாது. மூன்று காலமும் பாடுங்கள், ஆனால் இரண்டாம் காலத்தில் சுரம் ஒன்று வழுக்கினால் முதல் காலத்துக்குத் திரும்பி வாருங்கள். இரண்டாம் காலத்தை இன்னும் பத்து தடவை பாடினால் வழுக்கல்தான் பழகும்.

சிறு பிள்ளைகளுக்கு ஒரு வேளைக்கு 15, 20 நிமிடம். பெரியவர்களுக்கு 40 நிமிடம் வீதம் இரண்டு வேளை. நாலு மணி நேரத்தை ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைக்காதீர்கள்.

என் பெண்ணுக்கு எத்தனை கட்டை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஹார்மோனியத்தில் மத்திய ஷட்ஜத்தைப் பிடித்துக் கீழே மந்தர பஞ்சமம் தெளிவாகக் கேட்கிறதா, மேலே தார பஞ்சமம் கழுத்து நரம்பு புடைக்காமல் வருகிறதா என்று பாருங்கள். அந்த இரண்டு பஞ்சமத்துக்கும் நடுவில் இரண்டு ஸ்தாயி இருக்கிறது, ஒரு கச்சேரிக்கு அது போதும். பெரும்பாலான பெண்களுக்கு நாலரையிலிருந்து ஆறு கட்டைக்குள்ளும், ஆண்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டரைக்குள்ளும் அமையும். கீழே பஞ்சமம் இன்னும் வரவில்லை என்றால் கவலை வேண்டாம், அது சாதகத்தில் வரும்.

பக்கத்து வீட்டுப் பெண் ஆறு கட்டை என்பதற்காக உங்கள் பெண்ணை ஏற்றாதீர்கள். ஒரு காலத்தில் மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்பதால் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் உச்ச சுருதியில் பாடினார்கள். அது அபூர்வமான குரல், அந்த மேடையின் தேவையும் அப்படி. இன்று மைக் இருக்கிறது. குறைந்த சுருதியில் எவ்வளவு பெரிய சங்கீதம் இருக்க முடியும் என்பதற்கு எம்.டி. ராமநாதன் (1923–1984) பாடிய எதையாவது போட்டுக் கேளுங்கள். அவசரமே இல்லாமல், ஆழத்திலிருந்து ஒலிக்கும் குரல்.

மேல் ஸ்தாயியில் குரல் பிளக்கிறது, அல்லது கள்ளக்குரல் ஆகிவிடுகிறது. ஏன்?

சுரம் ஏற ஏற நாண்கள் நீண்டு மெலிய வேண்டும். கீழ் சுரத்தில் இருந்த தடிப்போடு, அதே சத்தத்தோடு மேலே தூக்கினால் ஓர் இடத்தில் தாங்காமல் சட்டென்று விட்டுவிடும். அதுதான் பிளவு. பயந்து, காற்றைக் கலந்து மெல்லியதாகத் தப்பித்துப் போனால் அது கள்ளக்குரல்.

மருந்து, மேலே போகப் போகச் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பதுதான். கேட்பவருக்கு அது குறைந்ததாகத் தெரியாது, மேல் சுரம் இயல்பாகவே காதில் எடுப்பாக விழும். தாடையைத் தூக்காதீர்கள். மேல் சுரம் மேலே எங்கோ இருக்கிறது என்ற நினைப்பில் பிள்ளைகள் கூரையைப் பார்க்கிறார்கள். முகம் நேராக இருக்கட்டும். பிளக்கும் இடம் எந்த சுரம் என்று கண்டுபிடித்து, அதற்கு இரண்டு சுரம் கீழிருந்து உகாரத்தில் ஜாருவாக, அதாவது வழுக்கினாற்போல, ஏறி இறங்குங்கள், அரைக் குரலில். ஒரு மாதம் இதைச் செய்யப் பொறுமை வேண்டும். இடையில் யாராவது "இன்னும் நன்றாகத் திறந்து பாடு" என்றால் புன்னகை செய்துவிட்டு அரைக் குரலிலேயே தொடருங்கள்.

மாதவிலக்குக்கு முந்தின சில நாட்களில் சில பெண்களுக்கு நாண்கள் லேசாக வீங்கும், மேல் சுரம் கனமாகத் தெரியும். அந்த நாட்களில் தார ஸ்தாயியை விட்டுவிடலாம். இதைப் பெண் குழந்தைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் தன் குரலே கெட்டுப்போனதாக நினைத்துக்கொள்வார்கள்.

கமகமும் பிருகாவும் பிறவியிலேயே வருவதா, பயிற்சியில் வருமா?

கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, பயிற்சியில் வரும், ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து பழக வேண்டும்.

வீணையில் கமகம் எப்படி வருகிறது? தந்தியைத் தாங்கும் மெட்டின் மேலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறோம், இழுவிசை கூடுகிறது, சுரம் ஏறுகிறது. தொண்டையிலும் அதேதான். குரல்வளையின் முன்பக்கத்தில் ஒரு சின்னத் தசை சுருங்கி நாண்களை இழுக்கிறது, தளர்ந்து விடுகிறது. கமகம் நடப்பது அங்கே. தாடை ஆடுவதோ, தலை ஆடுவதோ, வயிறு குலுங்குவதோ கமகத்தை உண்டாக்காது. கண்ணாடி முன் உட்கார்ந்து, கன்னத்தில் இரண்டு விரலை லேசாக வைத்துக்கொண்டு தோடி ராகத்தின் காந்தாரத்தை ('க') பாடுங்கள். விரல் அசைந்தால் தாடையால் ஏமாற்றுகிறீர்கள்.

அந்தக் காந்தாரத்தையே எடுத்துக்கொள்வோம். அது ஒரே இடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஆடும். முதலில் ஆட்டத்தை விட்டுவிட்டு ரி—ம—ரி—ம என்று இரண்டு சுரமாகவே, அட்சரத்துக்கு (தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்கு) ஒன்றாகப் பாடச் சொல்வேன். அப்புறம் அட்சரத்துக்கு இரண்டு, நாலு. வேகம் ஏறும்போது இரண்டு சுரங்களும் கரைந்து ஒரு காந்தாரமாகக் காதில் விழும் கணம் ஒன்று இருக்கிறது. அந்தக் கணத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! இத்தனை வருடத்தில் எனக்கு அது அலுக்கவே இல்லை.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் பண்ணை உருவாக்கும் செயல்களாக எடுத்தல், படுத்தல், நலிதல், கம்பிதம், குடிலம், ஒலி, உருட்டு, தாக்கு என்று எட்டைச் சொல்கிறார். எல்லாமே வினைச்சொற்கள் போல இருக்கின்றன, கவனியுங்கள். தொண்டை செய்ய வேண்டிய காரியங்களின் பட்டியல் அது. ஒவ்வொரு சுரத்தையும் இரண்டிரண்டாகப் பாடும் ஜண்டை வரிசையில் இரண்டாவது சுரத்துக்குக் கொடுக்கும் அழுத்தத்தைப் பாடிக்கொண்டே 'தாக்கு' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். ஜண்டை வரிசையைச் சீக்கிரம் முடித்துவிட்டு கீதத்துக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுகிற பெற்றோருக்கு நான் சொல்வது இதைத்தான். பின்னால் ராகம் பாடும்போது வேண்டிய தசை அங்கேதான் உருவாகிறது.

பிருகா என்பது வேகம் கூடிய தெளிவு. பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் (1910–1965) பதிவுகளை மெதுவாக ஓட்டிக் கேட்டால், மின்னல் போலப் போகும் இடத்திலும் ஒவ்வொரு சுரமும் முத்து முத்தாக நிற்பது தெரியும். சிலருக்கு அது சுலபமாக வருகிறது, சிலருக்கு வருவதில்லை, உடம்பின் வாகு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வராதவர்கள் அதைத் துரத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கார்வையும் கனமும் உள்ள குரலுக்கு வேறு அழகு இருக்கிறது.

தரையில் உட்கார்ந்துதான் பாட வேண்டுமா?

முதுகு நேராக, இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தால் எப்படி உட்கார்ந்தாலும் சரி. சம்மணத்தில் கூன் விழுபவர்கள் ஒரு மணையோ மடித்த ஜமுக்காளமோ போட்டுக்கொள்ளுங்கள். சில்லென்ற சிமெண்ட் தரையில் வெறுமனே உட்கார வேண்டாம். முட்டி வலி உள்ளவர்களுக்கு நாற்காலி.

பையனுக்குப் பதிமூன்று வயது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவன், இப்போது குரல் உடைந்து ஓடி ஒளிகிறான். நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், தள்ளவும் வேண்டாம். பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள் ஆண் பிள்ளைகளுக்குக் குரல்வளை வேகமாக வளர்கிறது, நாண்கள் நீண்டு தடிக்கின்றன, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. நேற்று வரை பழகின தசைக்கு இன்று புது அளவு. அதனால்தான் ஒரு வரியிலேயே இரண்டு குரல் கேட்கிறது. அவன் தவறு ஏதும் இல்லை.

அவனுக்கு வசதியான ஐந்தாறு சுரம் எதுவோ அதற்குள் பாட விடுங்கள். ஐந்து கட்டையில் பாடியவனுக்கு நாலு, மூன்று என்று சுருதியை மாதத்துக்கு மாதம் பார்த்து இறக்குங்கள். மேடை, போட்டி இரண்டும் கொஞ்ச காலம் வேண்டாம். இந்தக் காலத்தில் தாளத்தை ஏற்றலாம், கேள்வி ஞானத்தை ஏற்றலாம், சுரம் எழுதப் பழக்கலாம். வீட்டில் யாரும் அவன் குரலைக் கேலி செய்யக் கூடாது. நல்ல ஞானம் உள்ள இரண்டு பையன்கள் இந்த வயதில் என் வகுப்பை விட்டுப் போய்த் திரும்பவே இல்லை. அவர்கள் வீட்டில் நான் இதை அப்போதே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும், இரண்டு மூன்று சுரம் அளவுக்கு. கொஞ்ச நாள் காற்று கலந்து ஒலிக்கும், தானே சரியாகும்.

நீலகிரித் தைலம் போட்டு ஆவி பிடித்தால் குரல் நன்றாகத் திறக்கும் அல்லவா?

நம் ஊர்ச் சரக்கு என்பதால் எல்லார் வீட்டிலும் ஒரு சீசா இருக்கிறது. மூக்கடைப்புக்கு அது இதமாக இருக்கும். ஆனால் குரல் நாண்களுக்கு அந்தக் காரமான ஆவி எரிச்சல் தரலாம், காய வைக்கலாம். பாட்டுக்காக என்றால் வெறும் வெந்நீர் ஆவி போதும், ஐந்து நிமிடம், முகம் சுடாத தூரத்தில். பிடித்த உடனே குளிரில் வெளியே போகாதீர்கள். தைலத்தை ஒரு சொட்டுகூட வாய் வழியாக உள்ளுக்குக் கொடுக்காதீர்கள், அது விஷம். கைக்குழந்தையின் மூக்கின் அருகேயும் தடவ வேண்டாம்.

தயிர், ஐஸ்கிரீம், டீ, மிளகுப் பால்?

நீங்கள் விழுங்கும் எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை. தொட்டால் புரையேறும். அதனால் பனங்கற்கண்டும் மிளகும் அதிமதுரமும் தொண்டைக்கு இதம் தரும், எச்சில் ஊற வைக்கும், அந்த அளவுக்குத்தான் வேலை செய்யும். தண்ணீரும் அப்படியே. பாடும்போது குடிக்கும் மடக்கு வாயை நனைக்கும். நாண்களுக்கு ஈரம் ரத்தம் வழியாகப் போக வேண்டும், அதற்கு நேரம் ஆகும். இந்தக் குளிரில் தாகம் எடுப்பதில்லை என்பதால் பிள்ளைகள் மத்தியானம் வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். இதைக் கவனியுங்கள்.

டீ ஊரில் இருந்துகொண்டு டீ குடிக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று கப் ஒன்றும் செய்யாது. பால் குடித்தால் தொண்டை கனக்கிறது என்றால் பாடுவதற்கு முன் தவிர்த்துவிடுங்கள். உண்மையில் கெடுதல் செய்வது இரவு பத்து மணிக்குக் காரமாகச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பது. வயிற்று அமிலம் மேலே ஏறி வந்து குரல்வளையைத் தொட்டால், நெஞ்செரிச்சல் தெரியாமலேயே காலையில் குரல் கம்மும்.

மார்கழி பஜனையும் ஐயப்ப சரணமும் முடிந்தால் குரலே போய்விடுகிறது.

தெருவில் நடந்துகொண்டே, குளிர் காற்றை வாயால் இழுத்துக்கொண்டே, கூட்டத்தின் சத்தத்தை மீறிக் கத்துகிறோம். கூட்டத்தில் நம் குரல் நமக்கே கேட்காது, அதனால் அறியாமலே சத்தத்தைக் கூட்டிவிடுவோம். ஒரு காதை உள்ளங்கையால் லேசாக மூடிக்கொண்டு பாடுங்கள், உங்கள் குரல் உங்களுக்குக் கேட்கும், கத்தத் தோன்றாது. கிளம்பும் முன் வீட்டில் ஐந்து நிமிடம் முனகல். பாதி பாடலை நீங்கள் எடுங்கள், பாதியை அடுத்தவர் எடுக்கட்டும். சரண கோஷத்தில் கடைசி எழுத்தை உச்சத்தில் இழுக்கிற பழக்கத்தை விட்டாலே பாதி தொல்லை போகும். பக்தி குறையாது.

தொண்டை கட்டிவிட்டது. என்ன செய்வது? எப்போது டாக்டரிடம் போவது?

பேச்சைக் குறையுங்கள். கிசுகிசுப்பாகப் பேசினால் ஓய்வு என்று நினைக்க வேண்டாம், வலிந்து கிசுகிசுத்தாலும் குரல்வளை இறுகும். மெல்லிய சாதாரணக் குரலில், தேவையானதை மட்டும் பேசுங்கள். கனைக்காதீர்கள். கனைக்கும்போது நாண்கள் அடித்துக்கொள்கின்றன, இன்னும் சளி சுரக்கிறது, இன்னும் கனைக்கத் தோன்றுகிறது. தண்ணீரை ஒரு மடக்கு விழுங்குங்கள்.

சளி பிடித்து வந்த கம்மல் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது பாடும்போது வலித்தால், கழுத்தில் கட்டி தெரிந்தால், காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். இருமலில் ரத்தம் வந்தாலோ மூச்சு விடவே சிரமமாக இருந்தாலோ ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றால் பாட்டு முடிந்துபோனது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான முடிச்சுகள் ஓய்விலும் குரல் பயிற்சியிலும் கரைகின்றன.

ஓபரா பாடகர்கள் மைக் இல்லாமல் பெரிய அரங்கையே நிறைக்கிறார்கள். அந்தப் பயிற்சி நமக்கு உதவுமா?

மூச்சு, தளர்வு, குரலைச் சூடாக்குவது மட்டும் உதவும், நான் எடுத்துக்கொண்டும் இருக்கிறேன். அவர்கள் ஒரு முழு வாத்தியக் குழுவைத் தாண்டிக் கேட்கும்படி தொண்டை இடத்தை வடிவமைத்துக் குரலில் ஒரு தனிக் கூர்மையைச் சேர்க்கிறார்கள். நமக்கு வேண்டியது சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் நெகிழ்வு. அவர்கள் சுரத்துக்குச் சுரம் கொடுக்கும் ஒரே சீரான அதிர்வு நம் கார்வையில் நுழைந்தால் சுருதி கலங்கிவிடும்.

எனக்கு 58 வயது. இப்போது ஆரம்பிக்கலாமா?

வாருங்கள். அருவங்காட்டுத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற ஒருவர், தோட்டத்தில் முப்பது வருடம் இலை பறித்த ஒரு அம்மா, இரண்டு பேரும் என் புதன்கிழமை வகுப்பில் இருக்கிறார்கள். வயதாகும்போது நாண்களும் மூச்சுத் தசையும் கொஞ்சம் தளரும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு குரல் இறங்கும், பெரிய வித்வாம்சினிகளே கட்டையைக் குறைத்துக்கொண்டு பாடியிருக்கிறார்கள். வேகம் மெதுவாகத்தான் வரும். ஆனால் கார்வைக்கு வயது தடையில்லை, வாழ்க்கை முழுக்கக் கேட்ட பாட்டெல்லாம் காதில் இருக்கும், அது சிறு பிள்ளைகளிடம் இல்லாத சொத்து.

அந்த அம்மாவுக்கு மேடு ஏறி இறங்கிப் பழகின மூச்சு. முதல் நாளே 'ஸ்ஸ்ஸ்' 20 நொடி தாண்டியது. மூன்று கட்டையில் பாடுகிறார். எட்டு மாதம் ஆகிறது, ஆரம்பப் பாடங்களில் ஒன்றான அலங்காரம் முடியப் போகிறது. போன வாரம் மழையில் கரண்ட் போய்ச் சுருதிப் பெட்டி நின்றுவிட்டது, அவர் நிறுத்தாமல் மந்தர பஞ்சமத்தில் நின்றுகொண்டே இருந்தார். கரண்ட் வந்து பெட்டி மறுபடி ஒலித்தபோது, அவர் அதே பஞ்சமத்தில் இருந்தார்.